வாக்குக் கொடுத்தபின் கல்லூரி பார்க்கப் போன மார்னி

ஹவ்ரன் வட்டாரத்தில் மார்னி வோண்ட்ராவின் கை படாத மாடு குறைவு. அவள் கால்நடை டாக்டர். ஆறடிக்கு மூன்று அங்குலம் குறைவான உயரம். தோள்வரை நீளும் கையுறையை மாட்டிக்கொண்டு, ஈன முடியாமல் தவிக்கும் பசுவுக்குப் பின்னால் அவள் வந்து நின்றால் பண்ணைக்காரர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். எதையும் ஒரு தடவை பார்த்து முடிவு கட்டுகிறவள் இல்லை அவள். சுற்றி வருவாள், தொட்டுப் பார்ப்பாள், நாலு கேள்வி கேட்பாள், அப்புறம்தான் வாயைத் திறப்பாள். இந்தக் குணத்துக்காகவே ஊர் முழுக்க அவளைத் திட்டித் தீர்த்த வருஷம் ஒன்று உண்டு. அப்போது அவளுக்குப் பதினேழு வயது.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பெண் பிள்ளைகளுக்கு வாலிபால் என்றால் உயிர். எழுநூறு பேர் இருக்கும் ஹவ்ரனில் பள்ளிக்கூட ஆட்டத்துக்கு ஆயிரம் பேர் வருவார்கள். மார்னி அந்தப் பள்ளிக்கு செட்டர். எதிரிலிருந்து வரும் பந்தைத் தோழிகள் எப்படித் தட்டுத்தடுமாறி எடுத்தாலும், அதன் அடியில் ஓடிப்போய் நின்று, அடிப்பவளின் கைக்கு நேராகத் தூக்கிக் கொடுப்பது அவள் வேலை. லூப் ரிவர் பல்கலைக்கழகத்தின் கோச் ரெனே ஸ்டால் அவளை இரண்டு ஆட்டம் பார்த்தார். மூன்றாவது ஆட்டத்துக்கு வரவில்லை, ஃபோன்தான் செய்தார். படிப்பு, அறை, சாப்பாடு எல்லாமே பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளும், நாலு வருஷம் எங்களுக்கு ஆடு என்றார்.

மார்னி பதினோராம் வகுப்புக்குப் போகிற ஆகஸ்ட் மாதம் அது. ஒரு நாள் போய்ப் பார்த்தாள். எட்டாயிரம் பேர் உட்காரும் அரங்கம், அவள் பெயர் எழுதித் தொங்கவிட்ட பச்சைச் சட்டை. அங்கேயே தலையாட்டிவிட்டாள். வெறும் வாய்வார்த்தைதான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது பன்னிரண்டாம் வகுப்பு நவம்பரில். ஆனாலும் வாய்வார்த்தையை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. அப்பா டுவேன் மாட்டுக்கொட்டகையின் பெரிய கதவுக்குப் பச்சை வண்ணம் அடித்தார். பெட்ரோல் பங்க் கண்ணாடியில் அவள் படம் ஏறியது.

பிப்ரவரியில் ஒரு காலை, பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில், கொட்டகையில் தலையீற்றுக் கிடாரி ஒன்று, கன்றை ஈன முடியாமல் படுத்துவிட்டது. கன்றின் ஒரு கால் மடங்கி உள்ளே மாட்டியிருந்தது. டாக்டர் வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். டுவேனின் கை பெரியது, உள்ளே திரும்பவில்லை. மார்னி சட்டையைக் கழற்றி வீசிவிட்டு, உள்பனியனோடு மண்டியிட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே தேடி, அந்தக் குளம்பைப் பிடித்து மெல்ல நேராக்கினாள். இருபது நிமிஷத்தில் கன்று நழுவி வைக்கோலில் விழுந்து தும்மியது. அன்று வகுப்பில் நோட்டின் ஓரத்தில் அந்தக் குளம்பையே திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருந்தாள். கால்நடை மருத்துவம்தான் படிக்கப்போகிறோம் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

சாயங்காலம் லூப் ரிவரின் துணைக் கோச்சுக்கு ஃபோன் போட்டாள். கால்நடைப் படிப்புக்கு முதல்படியான பாடங்களை எடுத்தால் செவ்வாய்க்கிழமை மதியம் ஆய்வுக்கூடம் உண்டு, அதே நேரம்தான் அணிக்குப் பயிற்சி, இரண்டும் முடியுமா என்று கேட்டாள்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் செல்லம். நீ மொதல்ல வந்து சேரு" என்றாள் துணைக் கோச்.

இந்த "அப்புறம்" மார்னியை உறுத்தியது. பக்கத்து ஊர் ஷெல்பி அந்த அணியில் இரண்டாம் வருஷம் ஆடிக்கொண்டிருந்தாள். அவளிடம் விசாரித்தாள்.

"அறிவியல் எடுத்தவளுங்க மூணு பேரு இருந்தாங்கடி" என்றாள் ஷெல்பி. "ரெண்டு பேரு பாடத்த விட்டுட்டாங்க. ஒருத்தி ஆட்டத்த விட்டுட்டா. நீ பாக்க வந்தப்ப யோசிக்கலையா இதெல்லாம்?"

யோசிக்கவில்லை. அரங்கத்தையும் சட்டையையும் பார்த்தாள், மதியம் பீட்சா சாப்பிட்டாள், அவ்வளவுதான். அதோடு ஷெல்பி இன்னொன்றும் சொன்னாள். போன வாரம் ஒமாஹாவிலிருந்து ஆறடி உயரமுள்ள ஒரு செட்டர் பெண்ணை வரவழைத்து கோச் ஸ்டால் ஊர் சுற்றிக் காட்டினாராம்.

மறுவாரம் கான்சாஸில் இருக்கும் சாலமன் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. அந்த கோச் பெயர் லைல் ஆஸ்ட்ராண்டர். "நீ வேறிடத்தில் வாக்குக் கொடுத்திருப்பது தெரியும். ஆனாலும் ஒரு தடவை வந்து பார்க்க விருப்பமிருந்தால் கதவு திறந்திருக்கிறது" என்று நாலே வரி.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் மிளகாய்க் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் இருந்தன. மார்னி கடிதத்தை நடுவில் வைத்தாள். டுவேன் படித்துவிட்டு உப்புக் குப்பியை அதன் மேல் தூக்கி வைத்தார்.

"கை குடுத்தாச்சு" என்றார். "நான் சந்தையில ஒருத்தன் கையப் புடிச்சிட்டேன்னா, அடுத்த நிமிஷம் ஒருத்தன் வந்து கூட நூறு டாலர் தர்றேன்னாலும் திரும்பிப் பாக்க மாட்டேன். அப்படித்தான் இந்தப் பேர சம்பாதிச்சிருக்கேன்."

"நீ மாட்ட விக்கிற அப்பா. நான் நாலு வருஷம் அங்க போய் வாழணும்."

"வார்த்தைன்னா வார்த்தைதான்."

அம்மா ஜோலீன் பல் டாக்டரிடம் உதவியாளாக வேலை பார்க்கிறவள். நாள் முழுக்கப் பிறர் வாயைத் திறக்கச் சொல்லிச் சொல்லி, வீட்டில் அவளுடைய வாய் சட்டென்று திறக்காது. இப்போது திறந்தது. "டுவேன், அந்தப் பழைய டிரக்க வாங்க எத்தன டிரக்க பாத்த நீ?"

"அது வேற."

"ஒம்பது. டயர எட்டி ஒதச்சு ஒதச்சு என் ஞாயித்துக்கெழமையெல்லாம் போச்சு. நம்ம பொண்ணு ஒரே ஒரு கல்லூரியப் பாத்திருக்கா."

"அந்த டிரக்குக்கு நான் வாக்கு குடுக்கல!"

"அவ ஒண்ணும் விசாரிக்காமலே குடுத்துட்டா" என்றாள் ஜோலீன். "தப்பு அங்கதான்."

டுவேன் ரொட்டியைக் குழம்பில் முக்கி, சாப்பிடாமல் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கடைசியில் மகளைப் பார்த்தார். "போறதுன்னா போ. ஆனா திருட்டுத்தனமா போகக் கூடாது. மொதல்ல லூப் ரிவர் கோச்சம்மாவுக்கு ஃபோன் பண்ணி, நேரா சொல்லிட்டுப் போ."

அதற்கு மார்னிக்கு ஆறு நாள் பிடித்தது. தோழிகள் சொன்ன வழி சுலபம்: பார்த்துவிட்டு வா, படம் எதுவும் போடாதே, யாருக்குத் தெரியப்போகிறது? வாக்குக் கொடுத்த பிள்ளைகளில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள். ஏழாம் நாள், பள்ளி விட்டதும் டிரக்கைச் சோளக்காட்டு ஓரத்தில் நிறுத்திவிட்டு ஃபோனை எடுத்தாள்.

"கோச், நான் வேற ஒண்ணு ரெண்டு கல்லூரியப் பாக்கப் போறேன். உங்க மேல கோவம் ஒண்ணும் இல்ல. நீங்க வேற யார் மூலமாவது கேள்விப்படக் கூடாதுன்னு நானே சொல்றேன்."

"மார்னி, நீ சரின்னு சொன்னதும் நான் நாலு செட்டருக்கு வேண்டாம்னு சொல்லி அனுப்பினேன்" என்றார் கோச் ஸ்டால்.

"ஒமாஹா பொண்ணுக்கும் சொன்னீங்களா கோச்?"

கோச் கோபப்படவில்லை. குரல் மட்டும் இறுகியது. "நல்ல கேள்வி. சரி, ரெண்டு பேரும் நேராவே பேசிக்கலாம். இன்னியிலேருந்து உன் எடம் உன்னோடது இல்ல. நீயும் பாரு, நானும் பாக்கறேன். நவம்பர்ல எனக்கு யாரு பொருத்தமோ அவ கையெழுத்துப் போடுவா."

ஃபோனை வைத்துவிட்டு மார்னி ஸ்டீயரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் கண்ணாடியைப் பார்த்து மூக்கைத் துடைத்தாள். பொய் சொல்ல வேண்டிய பாரம் தன்னிடம் இப்போது இல்லை என்பது அந்த அழுகையிலும் ஒரு ஆறுதலாக இருந்தது.

ஊர் சும்மா விடவில்லை. பெட்ரோல் பங்கில் படம் இறங்கியது. அங்கே காப்பி குடிக்கும் ஆட்கள் டுவேனைப் பார்த்து, "என்னப்பா, கொட்டகைக் கதவுக்கு அடுத்து என்ன கலரு? எல்லாக் கலர்லயும் ஒரு கோடு இழுத்து வச்சிக்கயேன்!" என்று கிண்டல் அடித்தார்கள். பள்ளியின் கோச் ஹ்ருஸ்கா மட்டும் கிண்டல் அடிக்கவில்லை. அதுதான் மார்னியை அதிகம் குத்தியது.

"பெரிய கல்லூரிக்காரங்க இந்த ஊருக்கு வர்றதே பத்து வருஷத்துக்கு ஒரு தடவ" என்றார் அவர். "ஹவ்ரன் பொண்ணுங்க வார்த்த மாறுவாளுங்கன்னு பேர் வந்துட்டா, உனக்கு அப்புறம் வர்றவளுங்க கதி என்னாவும்? அத யோசிச்சியா?"

யோசித்தாள். "நான் யாரையும் ஏமாத்தல கோச்" என்று மட்டும் சொன்னாள். அவர் வலைக்கம்பத்தை மாட்டுவதில் மும்முரமானார்.

ஏப்ரல் கடைசியில் டுவேனே வண்டியை ஓட்டிக்கொண்டு கான்சாஸ் போனார். நாலு மணி நேரத்தில் அவர் பேசியது இரண்டே வார்த்தை: "பசிக்குதா?", "சரி." சாலமன் கல்லூரியின் அரங்கம் ஹவ்ரன் பள்ளியுடையதைவிடச் சற்றே பெரிது. ஆஸ்ட்ராண்டர் சட்டை எதையும் தொங்கவிடவில்லை. "எங்க பொண்ணுங்களோட போய் சாப்பிடு. நான் வரமாட்டேன். என்னப் பத்தி என்ன வேணா கேளு" என்று அனுப்பிவிட்டார்.

அந்தப் பெண்கள் வறுத்த கோழியைக் கடித்துக்கொண்டே கொட்டித் தீர்த்தார்கள். முழங்கால் உடைந்தவளுக்கு இரண்டு வருஷம் இடத்தை வைத்திருந்தார்களாம். முந்தைய கோச் சொல்லாமல் கொள்ளாமல் வேறு வேலைக்குப் போய்விட்டதில் மூன்று பேர் அநாதையாகத் தவித்தார்களாம். "எங்க ஆளு நல்லவருதான். ஆனா டைம்-அவுட்ல அவர் சொல்ற ஜோக்குக்கு யாரும் சிரிக்க மாட்டோம்" என்றாள் ஒருத்தி. இதையெல்லாம் லூப் ரிவரில் கேட்கவேண்டும் என்றே தனக்குத் தோன்றவில்லையே என்று மார்னி ஆச்சரியப்பட்டாள். திரும்பும் வழியில் ஒரு காகிதத்தில் நாலு கேள்வி எழுதினாள். ஆய்வுக்கூடத்துக்குப் போக விடுவீர்களா? நாலு வருஷத்தில் எத்தனை பேர் பாதியில் போனார்கள், ஏன்? எனக்கு அடிபட்டால் என் இடம் இருக்குமா? நீங்கள் வேலையை விட்டுப் போனால் என் கதி என்ன?

டுவேன் எட்டிப் பார்த்துப் படித்தார். இரண்டு மைல் கழித்து, "மாடு வாங்கப் போனாலும் இவ்ளோ நல்லா நான் கேட்டதில்ல" என்றார்.

மே மாதம் சவுத் டகோட்டாவில் ஒரு கல்லூரிக்குப் போனார்கள். அந்த கோச் மார்னியை நாள் முழுக்க "மாண்டி" என்று கூப்பிட்டார். நாலு கேள்வியில் முதல் கேள்விக்கே கடிகாரத்தைப் பார்த்தார். ஜோலீன் வண்டியில் ஏறியதும், "மாண்டிக்கு இந்த எடம் ரொம்பப் பொருத்தம். மார்னிக்கு வேண்டாம்" என்றாள். மூவரும் மாநில எல்லை வரைக்கும் சிரித்தார்கள்.

கோடை முழுக்க லூப் ரிவரிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. ஒமாஹா பெண் அங்கே முகாமில் ஆடும் படங்கள் மட்டும் வந்தன. மார்னி காலையில் வைக்கோல் கட்டு ஏற்றினாள், சாயங்காலம் கொட்டகைச் சுவரில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு, அதில் பந்தைத் தினம் ஐந்நூறு தடவை தூக்கிப் போட்டாள். ஆட்டம் கையில் இருக்கிறவரை எங்காவது ஒரு கதவு திறக்கும் என்று நம்பினாள். சில நாள் நம்பாமலும் போட்டாள்.

அக்டோபரில் மாவட்ட அரையிறுதி. ஹவ்ரன் அரங்கத்தின் மேல் வரிசையில், வாசலை ஒட்டி, கோச் ஸ்டால் தனியாக உட்கார்ந்திருந்தார். யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் ஹவ்ரனில் தெரியாத கார் ஒன்று நின்றாலே பத்து நிமிஷத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஐந்து செட்டில் மூன்று எடுத்தால்தான் வெற்றி. முதல் செட் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது செட்டில் பந்தை எடுக்கும் பெண் பயத்தில் எல்லாவற்றையும் சுவர்ப்பக்கம் தள்ளினாள். மார்னி பெஞ்சைத் தாண்டி ஓடினாள், மேஜை மேல் விழுந்தாள், முழங்காலில் வழுக்கிக்கொண்டு போய்த் தூக்கினாள். நடுவில் அந்தப் பெண்ணின் தோளைத் தட்டி, "எங்க வேணா அனுப்புடி, பார்க்கிங்ல போட்டாலும் எடுத்துத் தர்றேன், வலையத் தாண்டி அந்தப் பக்கம் போகாம மட்டும் பாத்துக்கோ" என்றாள். அவள் சிரித்துவிட்டாள். சிரித்தபின் பந்து நேராக வரத் தொடங்கியது. மூன்று, நான்கு, ஐந்து என்று வரிசையாக மூன்று செட்டும் ஹவ்ரனுக்கு. கோச் ஹ்ருஸ்கா நாற்காலி மேல் ஏறி நின்று கத்தியதை அன்றுதான் ஊர் முதல்முறை பார்த்தது.

வெளியே டிரக் பக்கத்தில் கோச் ஸ்டால் காத்திருந்தார். டுவேனும் ஜோலீனும் நின்றார்கள்.

"ஒமாஹா பொண்ணு உன்னவிட மூணு அங்குலம் உயரம்" என்றார் கோச், சுற்றிவளைக்காமல். "அழகா ஆடுறா. ஆனா பயந்துபோன ஒருத்திய நடு ஆட்டத்துல சிரிக்க வச்சு அவ யாரையும் காப்பாத்தி நான் பாக்கல. எனக்கு நீதான் வேணும். உன் எடம் திரும்ப உன்னோடது."

மார்னி பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தாள்.

"நன்றி கோச். நாலு கேள்வி இருக்கு."

கோச் ஸ்டால் மூன்றுக்கு மழுப்பாமல் பதில் சொன்னார். நாலு வருஷத்தில் ஐந்து பேர் போனார்கள், அதில் இருவர் போனது தன் தவறு என்றார். அடிபட்டாலும் இடம் உண்டு, எழுதித் தருகிறேன் என்றார். நான் போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கு என்னிடம் உத்தரவாதம் இல்லை, அதனால் என்னை நம்பி வராதே, படிப்பை நம்பி வா என்றார். ஆய்வுக்கூடத்தைப் பற்றிக் கேட்டபோது மட்டும் தடுமாறினார்.

"பதினோரு வருஷமா கோச்சா இருக்கேன். சேர்றதுக்கு முன்னாடி இத யாரும் என்னக் கேட்டதில்ல. எனக்குத் தெரியல. கேட்டுச் சொல்றேன்."

இரண்டு நாள் கழித்து ஃபோன் வந்தது. "செவ்வாய்க்கெழமப் பயிற்சிய காலைல ஆறு மணிக்கு மாத்திட்டேன். அணி மொத்தமும் உன்னத் திட்டப்போகுது. பரவால்லையா?"

"பரவால்ல கோச்" என்றாள் மார்னி. கையோடு அடுத்ததையும் சொன்னாள்: "வெள்ளிக்கெழம வரைக்கும் டைம் வேணும்."

பக்கத்தில் நின்ற டுவேன் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் கோச் ஸ்டால் வாய்விட்டுச் சிரித்தது சமையலறை முழுக்கக் கேட்டது.

அந்த நாட்களில் அவள் இரண்டு ஊரையும் மனசில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சாலமனில் மனிதர்கள் இதமாக இருந்தார்கள். ஆனால் அங்கே மாட்டுப்பண்ணையோடு சேர்ந்த படிப்பு இல்லை. லூப் ரிவரில் இருந்தது. ஆட்டமும் அங்கேதான் கடினம், அந்தக் கடினம் தனக்கு வேண்டும் என்பதும் இப்போது அவளுக்குத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை மதியம் முதலில் ஆஸ்ட்ராண்டருக்குத்தான் ஃபோன் செய்தாள்.

"வரலன்னு சொல்றதுக்கு நேரா ஃபோன் பண்றவங்க குறைவும்மா" என்றார் அவர். "மத்தவங்க எடுக்கறதையே நிறுத்திடுவாங்க. நல்லா ஆடு. எங்களுக்கு எதிரா மட்டும் ஆடாத."

அடுத்தது லூப் ரிவர். "கோச், போன வருஷம் சரின்னு சொன்னேன். அது எனக்கே புரியாம சொன்னது. இது புரிஞ்சு சொல்றது. வர்றேன்."

நவம்பரில் பள்ளி அரங்கத்தில் அவள் கையெழுத்துப் போட்டபோது, ஊர்க்காரர்கள் பாதிப் பேர் கூச்சத்தோடு வந்து பின்வரிசையில் நின்றார்கள். கோச் ஸ்டால் ஒரு காரியம் செய்தார். பத்தாம் வகுப்புப் பெண்கள் ஆடிய பயிற்சி ஆட்டத்தையும் உட்கார்ந்து முழுசாகப் பார்த்துவிட்டு, ஹ்ருஸ்காவிடம், "இங்க நேராப் பேசுற பொண்ணுங்க இருக்காங்க. வருஷா வருஷம் வர்றேன்" என்றார். ஹ்ருஸ்கா மார்னியிடம் வந்து, "நான் சொன்னது தப்பு. போதுமா?" என்றார். "இன்னொரு தடவ சொல்லுங்க கோச், சரியாக் கேக்கல" என்றாள் அவள்.

முதல் வருஷம் பெஞ்சில் உட்கார்ந்தாள். இரண்டாம் வருஷம் களத்துக்கு வந்தாள். நாலாம் வருஷம் அணித்தலைவி. அந்த வருஷம் அக்கம்பக்கத்து மாநிலக் கல்லூரிகள் மோதும் போட்டியின் இறுதி ஆட்டம் அயோவாவில், எதிரணியின் சொந்த அரங்கத்தில், ஐந்தாவது செட் வரை போயிற்று. பதினைந்து எடுத்தால் வெற்றி. பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. பந்து மார்னியின் கைக்கு வந்தது. எதிரணியின் இரண்டு உயரக்காரிகளும் இடப்பக்கம் அடிப்பவளைத் தடுக்கத் தாவினார்கள். மார்னி அவளுக்குக் கொடுப்பதுபோல் கையை உயர்த்தி, கடைசி நொடியில் தானே பந்தை வலைக்கு மேலே லேசாகத் தள்ளிவிட்டாள். வெற்றிடத்தில் போய் விழுந்தது. பதினான்கு. அடுத்த பந்து ஒன்பது முறை வலையைத் தாண்டிப் போய் வந்தது. ஒன்பதாவது முறை மார்னி தன் முதுகுக்குப் பின்னால், பார்க்காமலே தூக்கினாள். அங்கே தோழி ஒருத்தி எகிறி வந்து தரை அதிர அடித்தாள். பச்சைச் சட்டைகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. கீழே மூச்சு முட்டக் கிடந்த மார்னிக்கு அப்பாவின் தொண்டை மட்டும் தனியாகக் கேட்டது.

மறுநாள் காலை திரும்பும்போது கோச் ஸ்டால் ஓட்டுநரிடம் ஏதோ சொன்னார். பேருந்து நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, முப்பது மைல் சுற்றி, ஹவ்ரன் பக்கம் திரும்பியது. ஊர் எல்லையில் தீயணைப்பு வண்டி காத்திருந்தது. விளக்கு சுழல, சைரன் ஊத, அது முன்னால் போயிற்று. பின்னால் டிரக்குகள், டிராக்டர்கள், ஒரு அறுவடை இயந்திரம்கூட. பள்ளியின் மதிய உணவுக்கூடத்தில் அம்மாக்கள் பழக்கூழ் வைத்த கோலாச்சி ரொட்டிகளைத் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தார்கள். உயர உயரமான பதினான்கு பெண்கள் சிறுபிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து தின்றார்கள். வெற்றிக் கோப்பையைத் தொட வரிசையில் நின்ற குழந்தைகளின் கையை மார்னி ஒவ்வொன்றாகப் பிடித்து அதன் மேல் வைத்தாள். கசகசாக்கூழ் வைத்ததா ஆப்ரிகாட் பழம் வைத்ததா எது நல்லது என்று கோச் ஸ்டால் கேட்க, ஜோலீன் இரண்டையும் எடுத்து அவர் தட்டில் வைத்தாள். வெளியே சைரன் இன்னும் ஊதிக்கொண்டிருந்தது. அதை நிறுத்துவது எப்படி என்று அன்று ஓட்டியவனுக்குத் தெரியவில்லை, நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.